பழைய 1.3 டீசல் டிசையர் வாங்கலாமா?

நாமக்கல்லில் இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அந்த 1.3 இன்ஜின் ஐந்து லட்சம் ஓடும் என்று ஒருவர் சொல்கிறார். செயின் போய்விடும், கிட்டவே போகாதே என்று இன்னொருவர் சொல்கிறார். யாரை நம்புவது? அந்த இன்ஜினுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். 2008-இல் இருந்து இந்த இன்ஜினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு லட்சம் தாண்டியும் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைத் தொடாமல் ஓடுகிற வண்டி என்னிடம் சர்வீசுக்கு வருகிறது. அறுபதாயிரம்கூட ஓடாத வண்டி டோ ஆகி வந்ததும் உண்டு. இவற்றுக்கு நடுவில் நான் பார்த்த வித்தியாசம் ஒன்றே ஒன்று, ஆயில். ஆகவே இன்ஜினை நம்பி வாங்கலாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு ஆயில் எப்போதெல்லாம் மாற்றினார்கள் என்று தெரியாமல் வாங்காதீர்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது இன்ஜினின் பிறப்பிலேயே இருக்கிறது.

இது இத்தாலியின் ஃபியட் உருவாக்கிய இன்ஜின். 2000-இல் ஃபியட்டும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்திருந்த காலம். சிறிய கார்களுக்கு ஏற்ற டீசல் ஒன்று வேண்டும் என்று செய்து, 2003-இல் போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா ஆலையில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2005-இல் உலக அளவிலான 'ஆண்டின் சிறந்த இன்ஜின்' விருதுகளில் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் இதுதான் வென்றது. அதே வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் 200 கோடி டாலர் கொடுத்து ஃபியட்டுடனான உறவை முடித்துக்கொண்டது. கூட்டு உடைந்தாலும் இன்ஜின் இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாகவே வளர்ந்தது.

ஃபியட்டில் மல்டிஜெட், ஜெனரல் மோட்டார்ஸின் ஓப்பலில் சிடிடிஐ, சுசுகியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட். பெயர்தான் வேறு, அடிப்படை இன்ஜின் ஒன்றே. இந்தியாவில் மாருதி 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட்டில் வைத்தது. மானேசரில் சுசுகியும் மாருதியும் சேர்ந்து நடத்திய ஆலையில் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். ஃபியட்டும் டாடாவும் சேர்ந்து புனே அருகே ராஞ்சன்காவில் தயாரித்தார்கள். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசல் மட்டும் மானியத்தில் தொடர்ந்தது. சனம் முழுக்க டீசல் கார் பக்கம் சாய்ந்தது. 2012-இல் மாருதிக்கு அந்த மானேசர் ஆலை போதவில்லை. வருடத்துக்கு ஒரு லட்சம் இன்ஜின் வரை ராஞ்சன்காவிலிருந்து வாங்க ஃபியட்டோடு ஒப்பந்தம் போட்டது. போட்டிக் கம்பெனியின் ஆலையில் இருந்து இன்ஜின் வாங்கிப் பூட்டும் அளவுக்குக் கிராக்கி! ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, பலேனோ, இண்டிகா விஸ்டா, மான்சா, போல்ட், செஸ்ட், புன்டோ, லினியா என்று எல்லாவற்றிலும் இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சிறிய டீசலை மாற்றி அமைக்கும் செலவு கட்டாது என்று மாருதி நிறுத்திவிட்டது. நின்று சில வருடங்கள் ஆனாலும் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. ஊர் ஊராக வேலை தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். பழைய டீசல் வாங்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

சரி, உள்ளே வருவோம். நான்கு சிலிண்டர், 1,248 சிசி. ஒரு சிலிண்டரின் குறுக்களவு 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான ஸ்ட்ரோக் 82 மில்லிமீட்டர். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சிலிண்டருக்கு நான்கு வால்வு, அவற்றைத் திறந்து மூட மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். எடை சுமார் 130 கிலோ, நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. நீங்கள் பார்க்கும் டிசையரில் நிமிடத்துக்கு 4,000 சுற்றில், அதாவது 4,000 ஆர்பிஎம்-இல், 75 குதிரைத்திறனும் 2,000 ஆர்பிஎம்-இல் 190 நியூட்டன் மீட்டர் இழுவையும் கிடைக்கும். எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா போன்றவற்றில் வந்த 90 குதிரைத்திறன் வகையில் 1,750 ஆர்பிஎம்-இலேயே 200 நியூட்டன் மீட்டர்.

இதன் பெருமையே டீசல் தெளிக்கும் முறையில் இருக்கிறது. பழைய டீசலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்ப் தனித்தனியாக அழுத்தம் கொடுத்து ஒரே வீச்சில் தெளிக்கும். அதனால்தான் அந்த 'டக டக' சத்தமும் அதிர்வும். இந்த இன்ஜினில் இருக்கும் காமன் ரெயில் முறையில் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும் ஒரு பொதுக் குழாயில் இருந்து, கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் இன்ஜெக்டர் திறந்து மூடும். இந்த முறையைக் கார்களுக்கு ஏற்றபடி உருவாக்கியதில் ஃபியட் குழுமத்தின் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை பாஷ் கம்பெனிக்கு விற்றார்கள். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் முதலில் சந்தைக்கு வந்தது. அடுத்த தலைமுறைதான் மல்டிஜெட். ஒரே வெடிப்புக்கு ஐந்து முறை வரை பிரித்துப் பிரித்துத் தெளிக்கும். இரண்டு தெளிப்புக்கு நடுவில் 1,500 மைக்ரோ நொடி தேவைப்பட்டதை 150 ஆகக் குறைத்தார்கள். மிகச் சிறிய தெளிப்பின் அளவு ஒரு கன மில்லிமீட்டருக்கும் கீழே போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 கன மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு டீசலைக் கணக்காக அளந்து விடுகிறது. அந்தத் துளி முதலில் எரிந்து சிலிண்டரைச் சூடாக்கி வைக்கும், அப்புறம் வரும் பெரிய தெளிப்பு அமைதியாக எரியும். சத்தமும் குறைந்தது, மைலேஜும் கூடியது.

இப்படி நுணுக்கமாகத் தெளிக்க குழாயில் 1,400 முதல் 1,600 பார் வரை அழுத்தம் வேண்டும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இந்த அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டருக்குள் தூசியோ தண்ணீரோ போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டீசல் ஃபில்டரில் ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட்டை ஓட்டுவது ரப்பர் பெல்ட் இல்லை, ஒற்றை வரிசைச் செயின். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கில் இருந்து ஒரு கேமுக்குச் செயின் போகும். அந்தக் கேம் அடுத்த கேமைப் பல்சக்கரத்தால் சுழற்றும். செயின் என்றதும், ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஸ்பிரிங்கோடு ஆயில் அழுத்தத்தையும் நம்பித்தான் வேலை செய்கிறது. வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பெட்களும் அதே ஆயிலில்தான். நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுக்கு மேல் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டும் அதே ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. இவ்வளவுக்கும் சேர்த்து உள்ளே இருக்கும் ஆயில் ஏறக்குறைய மூன்று லிட்டர். உங்கள் ஊர் லாரியில் பத்து லிட்டருக்கு மேல் ஊற்றுவார்கள். அரை லிட்டர் குறைந்தாலும் லாரி தாங்கும். இங்கே அரை லிட்டர் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

டீசல் இன்ஜினில் கரித்தூள் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். புதிதாக ஊற்றிய ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடுவது அதனால்தான். அது கோளாறு இல்லை. அந்தக் கரியைக் கட்டியாகாமல் மிதக்க வைப்பது ஆயிலில் சேர்த்திருக்கும் மருந்தின் வேலை. அந்த மருந்து தீர்ந்த பிறகும் அதே ஆயிலில் ஓட்டினால், கரித்துகள்கள் ஒன்றாகச் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் முடியளவு தேயும். நூறு கண்ணிக்கும் மேல் அப்படித் தேய்ந்தால் கூட்டுத்தொகையில் செயின் நீண்டுவிடும். செயின் நீண்டுபோச்சு என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். இரும்பு இழுபடுவதில்லை, மூட்டுகள் தேய்கின்றன.

ஒரு பள்ளி ஆசிரியரின் கார் என்னிடம் வந்ததை மறக்க முடியாது. ஒன்பது வருடம், 58,000 கிலோமீட்டர். வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். வீட்டில் இருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர், அதற்கு மேல் அபூர்வமாகத்தான் எடுப்பார். கிலோமீட்டர் ஏறவில்லையே என்று ஒன்பது வருடத்தில் மூன்று முறைதான் ஆயில் மாற்றியிருந்தார். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சங்கிலி உரசுவது மாதிரி சத்தம் வந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் நின்றுவிடுவதால் விட்டுவிட்டார். ஒருநாள் செல்ஃப் அடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு வண்டி நின்றுவிட்டது.

மேல் கவரைக் கழற்றியபோது உள்பக்கம் முழுக்கத் தார் மாதிரி கறுப்புப் பசை. விரலால் வழித்தால் வரி விழுந்தது. டென்ஷனரின் முனை கடைசி வரை வெளியே தள்ளிக்கொண்டு இருந்தது, அதற்கு மேல் தள்ள இடமே இல்லை. செயின் பல் தாண்டி, பிஸ்டன் வால்வைத் தட்டியிருக்கிறது. கழற்றிய செயினையும் புதுச் செயினையும் பக்கவாட்டில் படுக்கப் பிடித்துக் காட்டினேன். புதியது ஸ்கேல் மாதிரி நேராக நின்றது. பழையது இரண்டு பக்கமும் மாலை மாதிரி தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ராக்கர்கள் உடைந்து பெரும்பாலான வால்வுகளைக் காப்பாற்றியிருந்தன. இந்த இன்ஜினில் பல நேரம் அப்படி நடக்கும், ஆனால் எப்போதும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. சத்தம் கேட்ட முதல் வாரமே வந்திருந்தால் செயின் கிட்டோடு போயிருக்கும். ஹெட் கழற்றி வேலை பார்த்ததில் செலவு அதைப்போலப் பல மடங்கு ஆனது.

நான் சொன்ன நான்கு லட்சம் ஓடிய வண்டி டாக்ஸி. அதன் ஓனர் லாரியில் கிளீனராக ஆரம்பித்தவர். 8,000 கிலோமீட்டர் ஆனதும் எங்கே இருந்தாலும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுவார். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடுவதால் இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும். ஆயிலில் ஈரம் தங்காது. ஆகவே விளம்பரத்தில் 'டாக்டர் ஓட்டிய வண்டி, குறைந்த கிலோமீட்டர்' என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். இந்த இன்ஜினுக்கு நான்கு கிலோமீட்டர் நகர ஓட்டம்தான் மோசமான வாழ்க்கை.

ஐரோப்பாவில் இதே இன்ஜினுக்கு 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று கையேட்டில் போட்டார்கள். அங்கே செயின் புகார்கள் அதிகமாக வந்ததற்கு அந்த நீண்ட இடைவெளியும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஃபியட்டும் டாடாவும் 15,000 என்றார்கள், மாருதி 10,000 என்றது. உங்கள் வண்டிக்கு 10,000 அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. நகரத்துக்குள்ளேயே ஓட்டுவதாக இருந்தால் 7,500.

நாமக்கல் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் எந்தப் பட்டறையிலும் லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் பேரலில் இருக்கும். 'டீசல்தானே' என்று அதையே ஊற்றிவிடுவார்கள். வேண்டாம். காலைக் குளிரில் கெட்டியான ஆயில் டென்ஷனருக்கும் டர்போவுக்கும் போய்ச் சேர நேரம் ஆகும். அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் நடக்கிறது. கையேட்டில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ, 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40, அந்த சிந்தெட்டிக் ஆயிலையே சீல் உடையாத கேனாக வாங்கிக் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.

டர்போ விஷயத்தில் இரண்டு வகை உண்டு. 75 குதிரைத்திறன் வகையில் இருப்பது எளிமையான நிலையான டர்போ. உள்ளே அசையும் தகடுகள் கிடையாது. 90 வகையில் புகை போகும் வழியை அகலமாக்கியும் குறுக்கியும் காட்டும் தகடுகள் உண்டு. அதனால் கீழ் ஆர்பிஎம்-இலேயே இழுவை கிடைக்கும். ஆனால் நகர ஓட்டத்தில் அந்தத் தகடுகளில் கரி படிந்து சிக்கிக்கொள்ளும். டாஷ்போர்டில் இன்ஜின் லைட் எரியும், வண்டி இழுக்காது. நீண்ட காலத்துக்கு வைத்திருக்கப் போகிறவருக்கு நான் 75 வகையையே சொல்வேன். டிசையரில் இருப்பது அதுதான்.

டர்போ போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு டர்போவில் ஒன்றுமே இருக்காது. டர்போவில் இருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 'உஸ்' என்று சத்தம், கறுப்புப் புகை, புல்லிங் இல்லை என்றால் முதலில் ஹோஸைத் தடவிப் பாருங்கள். ஆயில் ஈரம் கையில் ஒட்டும். டர்போ மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஹோஸைக் கழற்றித் தண்டை விரலால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். தண்டின் முனையில் இருக்கும் இறக்கை டர்போவின் வெளிக்கூட்டில் உரசிய தடம் இருந்தால்தான் கவலை.

டர்போ நிஜமாகவே தேய்ந்து நீலப்புகை கக்க ஆரம்பித்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் காற்றுப் பாதையில் நிறைய ஒழுகினால் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும். சாவியை எடுத்தாலும் நிற்காது. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. அப்போது பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும்.

மற்றவை சில்லறை. புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி அடைக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும். அதை நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது சட்டத்துக்கும் புறம்பு, ஊர்க் காற்றுக்கும் கேடு. இன்ஜெக்டர் அடியில் இருக்கும் வாஷர் கசிந்தால் 'சுக் சுக்' என்று சத்தம் வரும், சுற்றிலும் கறுப்பாகக் கெட்டியாகும். வாஷரோடு போகிற வேலையை விட்டுவைத்தால் இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் டிசையரில் புகைத்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் கிடையாது. ஐரோப்பிய வண்டிகளில் இருந்தது. குறுகிய தூரம் ஓட்டினால் அதைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் டீசல் ஆயிலில் இறங்கி அளவு ஏறும். அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

பிஎஸ்6 டீசல் பழைய இன்ஜினைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கில் (பிபிஎம்) இருந்து 10 ஆகக் குறைத்ததால் டீசலின் இயற்கையான வழுவழுப்பு குறையும் என்பது சரிதான். ஆனால் அதை ஈடுகட்ட மருந்து சேர்த்துத்தான் விற்கிறார்கள், அதற்கும் தரவரம்பு உண்டு. கந்தகம் குறைந்ததால் ஆயிலில் அமிலம் சேர்வதும் குறைகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

இனி வண்டியைப் பார்க்கப் போகும் விஷயம். முதல் நாளே போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். செயின் சத்தம் குளிர்ந்த இன்ஜினில், முதல் சில நொடிகளில்தான் வெளியே தெரியும். சூடான பிறகு டென்ஷனரில் ஆயில் நிறைந்துவிட்டால் தேய்ந்த செயினும் சாது மாதிரி ஓடும்.

சாவியை ஆன் செய்து, ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் உரிமையாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஆல்டர்னேட்டர் பெல்ட் ஓடும் பக்கம் நின்று காது கொடுங்கள். டீசலுக்கே உரிய 'டிக் டிக்' சத்தம் சீராக இருக்கும், அது வேறு. செயின் சத்தம் ஒரு கைப்பிடி சில்லறையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது மாதிரி சரசரக்கும். ஒரு நொடியில் நின்றால் பரவாயில்லை. மூன்று, நான்கு நொடி நீடித்தால் செயின் கிட் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். சூடான பிறகும் சத்தம் வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்து, ஐட்லிங்கில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். லேசான மூச்சு இருக்கலாம். நெஞ்சு அடைத்தவர் மூச்சு மாதிரி குபுகுபுவென்று புகையோடு தள்ளினால் பேக் கம்ப்ரஷன், ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் அடியில் பசை கட்டியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆசிரியரின் காரில் இருந்த அந்தத் தார் முதலில் மூடியில்தான் தெரியும். சில வியாபாரிகள் விற்பதற்கு முன் ஆயிலை மாற்றி மூடியைத் துடைத்து வைப்பார்கள். அப்படிப் பளிச்சென்று இருந்தால் டார்ச் அடித்து வாய்க்குள் தெரியும் கேமைப் பாருங்கள். ஆயில் சீராக மாற்றிய இன்ஜினில் இரும்பு லேசான பழுப்பில் மினுங்கும், மாற்றாததில் கறுத்துப் பூசியிருக்கும். அதை அரை மணியில் யாராலும் துடைக்க முடியாது.

அதற்கு மேல் சர்வீஸ் வரலாறு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் போன வண்டியானால், உரிமையாளரோடு போய் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் எண்கள் வரிசையாக ஏறுகின்றனவா, எங்காவது பின்னால் போகிறதா, இரண்டு பில்லுக்கு நடுவில் எத்தனை மாதம் என்று கவனியுங்கள். வெளியில் சர்வீஸ் செய்தவராக இருந்தால் பில்லோ, வழக்கமாகப் போகும் மெக்கானிக்கின் எண்ணோ கேளுங்கள். நல்லபடியாக வைத்திருந்தவர் தயங்காமல் கொடுப்பார்.

வண்டி டெல்லிப் பதிவா என்றும் பாருங்கள். 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் போட்ட உத்தரவுக்குப் பிறகு அங்கிருந்து நிறைய வண்டிகள் தெற்கே வருகின்றன. இன்ஜின் நன்றாகவே இருக்கலாம். ஆனால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி என்று எல்லாம் சேர்த்துக் கூட்டினால் விலைக் குறைவு காணாமல் போய்விடும். தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தாலும் 2014 வண்டியின் ஆர்சி 15 வருடக் கணக்கில் 2029 வரைதான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். அதையும் மனதில் வைத்து விலை பேசுங்கள்.

வாங்கினால் முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் நான்கையும் மாற்றுங்கள், முன்னவர் போன வாரம்தான் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும். அந்த ஆயிலை 3,000 கிலோமீட்டரில் மறுபடி ஒருமுறை இறக்குங்கள். உள்ளே படிந்திருந்த கரியைப் புது ஆயில் கரைத்துக்கொண்டு வரும்; அதோடு நீண்ட நாள் ஓட்டக் கூடாது. ஃப்ளஷ் மருந்து ஊற்றி ஒரே நாளில் கழுவுவது எனக்குப் பிடிக்காது. கட்டியாகப் பெயர்ந்து வருவது ஆயில் சேம்பரில் இருக்கும் சல்லடையை அடைத்துவிட்டால், காப்பாற்றப் போன இன்ஜினை நாமே கொன்றதாகிவிடும்.

ஓட்டுவதில் ஒரு பழக்கம் போதும். இந்த இன்ஜின் 1,800 ஆர்பிஎம்-க்குக் கீழே தூங்கும். அதற்கு மேல் டர்போ பிடித்துக்கொண்டால் ஆளே மாறிவிடும். மைலேஜுக்காக 1,200-இல் நான்காவது கியரில் உருட்டினால் புகை ஏறும், கரி சேரும், கிளட்ச் பிளேட் தேயும். கொல்லிமலை உங்களுக்குப் பக்கம்தான். அந்த 70 கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கி நிற்கும் டிசையர்களைப் பார்த்திருப்பீர்கள். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு ரேஸ் கொடுக்காதீர்கள். மலை ஏறி முடித்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். தண்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே ஆயில் நின்றால் டர்போவுக்குள் ஆயில் கருகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் ரேஸ் கொடுக்காமல் இருங்கள். உங்கள் ஊர் லாரி டிரைவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்கள் கை தானாகவே செய்யும்.

மைலேஜ் பற்றியும் கேட்பீர்கள். கடைசியாக வந்த டிசையர் டீசலுக்குச் சோதனைக்கூடக் கணக்கு லிட்டருக்கு 28.4 கிலோமீட்டர். ரோட்டில் அது வராது. உங்கள் 2014 வண்டி நல்ல நிலையில் இருந்தால் நெடுஞ்சாலையில் 20-ஐ ஒட்டி, ஊருக்குள் 16, 17 எதிர்பார்க்கலாம். ஊருக்குள் 13-க்குக் கீழே காட்டினால் இன்ஜெக்டரையும் ஈஜிஆரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் சேலம், கரூர், திருச்சி என்று வெளியூர் ஓடுகிறவர் என்றால் இந்த வண்டி உங்களுக்கு ஏற்றது. கடைக்கும் வீட்டுக்கும்தான் என்றால் இதே விலையில் ஒரு பெட்ரோல் வண்டி பாருங்கள். போய்ப் பார்க்கும் அன்று, அந்த முதல் செல்ஃப் சத்தத்தைப் பானட் திறந்த நிலையில் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.